நாவாயனும் வின்ச் அண்ணையும்

வின்ச் அண்ணை ரகசியம் சொன்னால் துறைமுகத்தின் அக்கரைக்கும் கேட்கும். கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் வின்ச்சோடு காலம் தள்ளிய மனுசன். அந்த இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தி, மெல்லக் கதைக்கிறதையே மறந்துபோனார்.

சண்டைக்காலம். ஓர்ஸ் ஹில்லில் எங்களுக்கு மகன் பிறந்து, ரமேஸ் என்று பேர் வைக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ரமேசோ! இந்த ஒழுங்கையிலையே நாலு ரமேஸ். ஒருத்தன் என்னவும் செய்தால் ஆமிக்காரர் நாலு பேரையும் ட்ரக்கிலை ஏத்துவாங்கள். எவனோ ஒரு யோகராசா செய்த வேலைக்கு இந்த யோகராசா ரெண்டு கிழமை அடி வாங்கினவன், தெரியுமே!" என்று தன் நெஞ்சில் தட்டினார்.

"அப்ப என்ன பேர் வைக்கிறது அண்ணை?"

"நாவாயன்!"

நாவாய் என்றால் பழந்தமிழில் கப்பல். கப்பலுக்கு உரியவன் நாவாயன். துறைமுகத்தைப் பார்த்தபடி தானே உண்டாக்கிய பேராம், இலங்கையிலேயே வேறு ஆள் கிடையாதாம்.

"பள்ளிக்கூடத்திலை பகிடி பண்ணுவாங்கள் அண்ணை," என்றாள் என் மனைவி.

"பண்ணட்டும் தங்கச்சி. ஆள் பின்னேரம் வீட்டை வந்து சேருவான்."

அவள் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

பேர் வடிவாயிருக்கென்று ஊரும் ஆசைப்பட்டதுதான் வினை. லிங்கநகரில் ஒரு வீட்டில் அதையே வைக்கப் போகிறார்கள் என்றதும், அண்ணை போய் அவர்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டார். "ஏலாது! அந்தப் பேருக்கு ஆள் இருக்கு!" பாவம், பிறந்த பிள்ளைக்கு நித்திரையில்லை. கடைசியில் தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கும் ஒரு புதுப்பேர் கொடுத்துவிட்டுத்தான் எழும்பினார்.

நாவாயனுக்குப் பதினேழு வயதில் துறைமுகப் பக்கம் சுற்றிவளைப்பு. கூடப் போன அண்ணையும் அகப்பட்டார். மகனின் பேர் ஆமிக்காரனின் வாயில் நுழையவேயில்லை. சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இப்படியொருவனை யாரும் தேடவில்லையென்று அனுப்பிவிட்டான். யோகராசாக்கள் மூன்று பேர் ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தார்கள். பேரைக் கேட்டதும் அண்ணையையும் பக்கத்தில் இருத்தினார்கள்.

அடுத்த நாள் மத்தியானம்தான் விட்டார்கள். வீங்கின முகத்தோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மெல்லக் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"தம்பி, பொடியன் வீட்டை வந்திட்டானோ?"

நான் படலையைத் திறந்து அவரைத் தாங்கிப் பிடித்தேன். குசினிக்குள் இருந்து மனைவிதான் கத்தினாள்:

"டேய் நாவாயா, ஓடிவா! மாமா வந்திட்டார்!"

அது அக்கரைக்கும் கேட்டிருக்கும்.