ராணியின் முதுகும் மண்டபத்து இன்ஸ்பெக்டரும்

இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களைச் சிரிக்க வைக்கிறேன். சத்தியம்!

ஆனால் இப்போதே இல்லை. முதலில் அம்மா சொன்ன வேலையைக் கேளுங்கள்.

சித்திரைத் திருவிழா வாரம். "டேய், தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஆத்துக்குப் போ. கழுதையில ஒரு சவாரி ஏத்திவிடு. வெயில் ஏறுமுன்ன வீடு வந்து சேரு. அம்புட்டுதான்!"

அம்புட்டுதான். ஆறு வயசு செல்லத்தைத் தனியாக அனுப்பியிருந்தால்கூட ஒழுங்காக முடித்துவிட்டு வந்திருப்பாள். நான் கூடப் போனேன். காரியம் கெட்டது.

சிரிப்பா? வரும், வரும். அதற்குமுன் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை.

வயசு பதினைந்து. அப்பாவுக்குப் பலகாரக் கடை. அன்றன்றைக்கு மிஞ்சுகிற பணியாரத்தையெல்லாம் போட்டு வைக்கும் கிட்டங்கி நான்தான். வீட்டு வாசல்படியில் நான் உட்கார்ந்தால் வேறு ஆள் உட்கார முடியாது.

இன்னொரு பெருமையும் உண்டு. யார் குரலானாலும் அப்படியே பேசுவேன். தலைமை வாத்தியார் குரலில், "இன்றைக்கு லீவு!" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு தடவை சொன்னேன். பையன்களோடு சேர்ந்து கணக்கு வாத்தியாரும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்!

சரி, ஆத்துக்கு வருவோம்.

வைகை மணலில் எங்கே பார்த்தாலும் தலையாகக் கிடந்தது கூட்டம். திருவிழா முடிகிறவரை துணி வெளுக்க இடமில்லை என்பதால், சலவைக்காரர் சோணை அண்ணன் தன் கழுதை ராணியின் முதுகில் சாக்கை விரித்துப் பிள்ளைகளைச் சவாரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவரிடம் தராசு கிடையாது. ஏற வருகிற பிள்ளையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தன் இடுப்பு உயரத்துக்குத் தூக்குவார். தூக்க முடிந்தால் சவாரி. முடியாவிட்டால், "நடந்து போப்பா!"

செல்லத்தைப் பூவாகத் தூக்கி வைத்தார். ஒரு நடை போய் வந்தாள். அம்மா சொன்ன வேலை முடிந்தது. வெயிலும் ஏறவில்லை. நல்ல பிள்ளையாக வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

"அண்ணே, நானும் ஒரு நடை!" என்றேன்.

சோணை அண்ணன் என் கக்கத்தில் கை கொடுத்தார். "ஹ்ம்ம்ம்!" என்றார். அவர் குதிகால்தான் மணலில் புதைந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"தம்பி, நீ கழுதை மேல ஏற வந்தியா, கழுதையப் புதைக்க வந்தியா?"

வரிசையில் நின்ற வாண்டுகள் அத்தனையும் சிரித்தன. செல்லமும் சிரித்தாள். அதுதான் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு நடைண்ணே!"

"வேணாம்ப்பா. போன வருசம் இப்புடித்தான் ஒரு தடி ஆளு கேக்காம ஏறி, இவ முதுகு புண்ணாப் போச்சு. ரெண்டு மாசம் அழுக்கு மூட்டைய நான்தேன் சுமந்தேன். மறுபடி புண்ணு வந்துச்சுன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

நியாயமான பேச்சு. என் காதில் விழுந்தது. காதோடு நின்றுவிட்டது.

அந்த நாளில் கோரிப்பாளையம் பக்கம் ஜட்கா வண்டிக்காரர்கள் எல்லாரையும் நடுங்க வைத்துக்கொண்டிருந்தார் ஒரு ஜீவகாருண்ய இன்ஸ்பெக்டர். குதிரைக்குப் புண் இருக்கிறதா, வண்டியில் ஆள் அதிகமா என்று பார்ப்பார். மூக்கால்தான் பேசுவார். அந்த மூக்கு எனக்கு மனப்பாடம்.

ஆத்துக்குள் இருந்த கல் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"வாட் மேன்! யார் கழுதை அது?"

சோணை அண்ணன் துள்ளித் திரும்பினார். தலைத்துண்டு இடுப்புக்குப் போனது. "ஐயா, கும்புடுறேன்! எங்குட்டு இருக்கீக?"

"நிழலில் இருக்கேன். கிட்டே வராதே! அந்தக் குண்டுப் பையனைக் கழுதையில் ஏற்று. டெஸ்ட் பண்ணணும்!"

"உத்தரவுங்கய்யா. ஆனா போன வாரம் நீங்கதானே ஒரு சட்டம் சொன்னீக? கனத்த ஆளு ஏறணும்னா, மொதல்ல அந்த ஆளே பத்து நடை கழுதையக் கையில பிடிச்சு நடத்திப் பழக்கணும்னு. மறந்துட்டீகளா?"

போன வாரம் அந்த ஆள் என்ன சொன்னாரோ, எனக்கு எப்படித் தெரியும்? இன்ஸ்பெக்டர் தன் சட்டத்தைத் தானே மறக்கலாமா?

"யெஸ், யெஸ்! ஞாபகம் இருக்கு!"

"செருப்பில்லாமன்னும் சொன்னீகளே?"

"ஆமாம். செருப்பு நோ!"

"புல்லுக்கட்டைத் தலையில வச்சுக்கிட்டு…"

"அதான் ரூல்!" என்று கத்தினேன். என் தலைக்கு நானே கையெழுத்துப் போட்டேன்!

தூணைச் சுற்றி ஒன்றும் தெரியாதவன்போல வந்தேன். புல்லுக்கட்டு தலைக்கு ஏறியது. கயிறு கைக்கு வந்தது.

முதல் நடையில் ராஜா மாதிரி போனேன். மூன்றாவது நடையில் மணல் வறுத்தது. கடலைக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். ஐந்தாவதில் ராணி நின்றுவிட்டாள். "வாம்மா, தாயே, வாரியா?" என்று கெஞ்சினேன். அவள் என் தலையிலிருந்த புல்லை நிதானமாகத் தின்றுவிட்டுத்தான் நகர்ந்தாள்.

ஒவ்வொரு நடைக்கும் ஒரு வாண்டு மேலே. கீழே நான். சோணை அண்ணன் நிழலில் மல்லாந்து படுத்து, "ரூல் ரூல்தேன் தம்பி, மெதுவாப் போ!" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து செல்லம் வெள்ளரிப்பிஞ்சு தின்றாள்.

பத்தாவது நடை முடிந்தது. வேட்டி முழங்காலில் ஒட்டிக்கிடந்தது.

"ஏத்துங்கண்ணே!"

"இருப்பா. ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏத்துறேன்." அவர் மண்டபத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

அங்கே பதில் சொல்ல யார் இருக்கிறார்? "தண்ணி குடிச்சிட்டு வாரேன்!" என்று கத்திவிட்டு, சுற்று வழியில் ஓடி, அவருக்கு முன்னால் தூணுக்குப் பின்னால் போய் விழுந்தேன்.

"ஐயா, பத்து நடையும் ஆச்சு. ஏத்தலாமுங்களா?"

மூக்குக் குரல் வரவில்லை. புஸ் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. "ஏ… ஏத்… ஏத்து… மேன்…"

சோணை அண்ணன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"மணல்ல நடந்தது அந்தத் தம்பி. மூச்சு மட்டும் ஐயாவுக்கு எதுக்கு இப்புடி வாங்குது?"

வாண்டுகள் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. மண்டபத்தில் இன்ஸ்பெக்டர் இல்லை என்பது முதலிலிருந்தே எல்லாருக்கும் தெரியும் என்பதை அந்த ஆத்திலேயே கடைசியாகத் தெரிந்துகொண்ட ஆள் நான்தான்.