பன்னிரண்டு கம்பம், பதிமூன்று ஓசை

கம்பங்கள் பன்னிரண்டுதான். ஓசைதான் பதிமூன்று வந்தது.

எலக்ட்ரீஷியன் பூங்காப் புல்வெளியில் நின்று விரல்விட்டு மறுபடி எண்ணினார். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். அது வானத்தில் ஏற ஏற ஓசை ஓங்கும், சாயச் சாய அடங்கும். பகலிலும் நட்சத்திரங்கள் தலைக்கு மேலேதான் இருக்கின்றன என்று இந்த ஒலிக் கலைப்படைப்பை உருவாக்கிய பெண்மணி விளக்கியிருந்தார். எலக்ட்ரீஷியன் அவரை 'நட்சத்திர மேடம்' என்றே கூப்பிட்டார்.

பன்னிரண்டும் மணியோசை போல் ஆழமாக ஒலித்தன. நடுவே அந்தப் பதிமூன்றாவது மட்டும் மெல்லிய கீச்சுக் குரல். எந்தப் பக்கம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இடது காதை என்றோ ஜெனரேட்டர்களுக்குத் தத்தம் செய்தாயிற்று.

ஐந்து மணிக்குத் திறப்பு விழா. மேயர் வருகிறார். "இன்னொரு தப்பு நடந்தா, வீட்ல உக்காந்து ரெஸ்ட் எடுங்க" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மனைவி போய்ச்சேர்ந்து எட்டு மாதம். மகளும் வேலைக்குப் போனபின் அந்த வீட்டில் பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது.

"அண்ணே, என்னமோ கூவுதே?"

"ஏழாம் நம்பர், மேடம். வயர் லூஸா இருக்கும்."

ஏணியில் ஏறி, விழுந்துவிடாமல் கம்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திருகாணியை முறுக்கினார். காதில் ஊசி இறங்குவது போல் அலறியது. பயந்துபோய் இணைப்பைப் பிடுங்கிவிட்டு இறங்கினார். அடங்கியது.

எட்டாம் கம்பத்தடியில் டெஸ்டரைத் தேடிச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். மூக்குக் கண்ணாடி அகப்பட்டது; கிளம்பும்போது தினமும் மறக்காமல் போட்டுக்கொள்ளும் சின்னச் சுருக்குப்பை அகப்பட்டது. டெஸ்டர் அகப்படுவதற்குள் மறுபடி கீச்சென்றது.

"எட்டுக்கும் பரவிடுச்சாண்ணே?"

"பரவுறதுக்கு இது என்ன அம்மையா, மேடம்?"

சொன்னாரே தவிர, எட்டையும் பிடுங்கினார். பிறகு ஒன்பது, பத்து. ஒவ்வொரு கம்பத்தையும் அவர் அணைக்க, ஒவ்வொன்றும் அலறியது. நாலரை மணிக்குப் பன்னிரண்டும் செத்துக் கிடந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று மெயினையும் அணைத்தார். பூங்காவே வாயை மூடிக்கொண்டது.

கீச்ச்ச்.

"மேடம்... இப்ப கரண்டே இல்ல."

"அப்ப கூவுறது யாருண்ணே?"

இருவரும் மெல்ல அண்ணாந்து பார்த்தார்கள். மேகம்கூட இல்லாத வெறும் வானம். மேடம் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, செத்துப்போன நட்சத்திரம்கூட வெளிச்சம் அனுப்பிட்டே இருக்கும்னு..."

"செத்தவங்க கதையெல்லாம் இப்ப எதுக்கு மேடம்!"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஓங்கிக் கூவியது. கையை எடுத்தார், தணிந்தது. மறுபடி பிடித்தார், மறுபடி கூவியது. மேடம் பிடித்திருந்த சட்டைக் கையை விட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றார்.

"அது உங்களைத்தாண்ணே கூப்பிடுது."

இந்தக் குரலை அவர் கேட்டிருக்கிறார். பூங்காவில் இல்லை. சொந்தப் படுக்கையில், பக்கத்துத் தலையணையிலிருந்து, வருடக்கணக்கில். பிடுங்கியதை எல்லாம் திரும்ப மாட்டக் கால் மணி நேரம் போதும். ஆனால் இதை எங்கே பிடுங்குவது?

மேடத்துக்குக் கேட்காதபடி, வானத்தைப் பார்த்து முணுமுணுத்தார்.

"ஏம்மா, எம்மேல கோவம்னா வீட்ல வச்சுப் பேசிக்கலாம். அஞ்சு மணிக்கு மேயர் வர்றாரு. இந்த வேலையும் போச்சுன்னா நான் தனியா என்னம்மா பண்ணுவேன்?"

குரல் நிற்கவில்லை. பூங்கா வாசலிலிருந்து மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா, அந்தச் சுருக்குப்பையைக் குடுங்க! அம்மாவோட காது மிஷின் இன்னும் ஓடுதான்னு பாக்க நேத்து புது பேட்டரி போட்டேன், கழட்ட மறந்துட்டேன், அமுங்கினாலே அது கீச்சுன்னு கத்துமே. நீங்க தினமும் அம்மாவை வேலைக்குக் கூட்டிட்டு வர்றது எனக்குத் தெரியும். ஆனா இன்னிக்கு அவங்களுக்குக் காது வேற கேக்கும்ப்பா!"