மாப்பிள்ளையின் நாடாவும் என் பேரன் இடுப்பும்

ராணுவத்தில் டாக்டராக வீற்றிருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையால் உங்கள் மாமியார் எழுதுவது. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள். இங்கே நானும் பேரனும் நலம். பேரன் கொஞ்சம் அதிகப்படியான நலம் என்று நீங்களே சான்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களே.

'உடல் பருமன், எல்லைக்கு அனுப்பத் தகுதியில்லை, மெலிந்து வா' என்று எழுதி, என் மகன் வயிற்றுப் பேரனை விடுப்பில் அனுப்பி வைத்தீர்கள். மச்சினன் பிள்ளையாயிற்றே என்று இடுப்பளக்கும் நாடாவை ஒரு விரல்கூட இறுக்கிப் பிடிக்கவில்லை. உங்கள் நேர்மை யாருக்கு வரும்? பேரன் எல்லைக்குப் போகிறான் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான்தானே, எனக்கு நன்றாக வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. காலையில் ஓடச் சொன்னேன், ஓடினான். நாட்டைக் காக்கிற பிள்ளைக்கு இப்படி மூச்சு வாங்குதே என்று தெருக்கோடி பேக்கரிக்காரர் உட்கார வைத்து கேக் கொடுத்திருக்கிறார். ஓடிப் போனவன் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சரியென்று சாப்பாட்டைக் குறைத்தேன், பிள்ளை முகம் வாடிப்போச்சு. மனசு உடைஞ்சிடக் கூடாதே என்று, அவன் குளிக்கப் போன நேரம் பேன்ட் இடுப்புத் தையலைப் பிரித்துத் தளர்த்தி வைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டி, இளைச்சிட்டேன் பாரு, பேன்ட் இடுப்புல நிக்கல" என்று சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில் சாப்பிட்டான் பாருங்க, சட்டியைக் கழுவுற வேலைகூட மிச்சம். மறுவாரமும் பிரிக்க வேண்டியதாப் போச்சு. இப்போ பிரிக்கத் துணி இல்லை மாப்பிள்ளை.

அவன்மேல் என்ன தப்பு? கிடங்குச் சாமானுக்குக் கணக்கு எழுது என்று கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தது உங்கள் ராணுவம். அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லியிருந்தால் என்றைக்கோ இளைத்திருப்பான். உங்கள் கல்யாணப் படத்தை நேற்றுத்தான் துடைத்து மாட்டினேன். அதில் உங்களுக்கும் இடுப்பு என்று ஒன்று இருக்கிறது. மரியாதை கருதி மேலே எழுதவில்லை.

ஆகவே திங்கட்கிழமை மறுபடி அளக்கும்போது நாடாவைப் பாசத்தோடு இறுக்கிப் பிடித்து, தகுதி என்று எழுதி லாரியில் ஏற்றிவிடுங்கள். அவன் பின்தங்கிவிட்டால் நான் தெருவில் தலைகாட்ட முடியாது.

நீங்கள் மகராசனாக, கைராசியோடு இருக்க வாழ்த்தும்,
மாமியார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். எல்லையில் சுட ஆரம்பித்துவிட்டார்களாம், முன்னால் போன லாரியில் இரண்டு பேர் திரும்பவில்லையாம். பேரனைக் கேட்டேன். "தெரியும் பாட்டி. என் கூட்டாளிங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. அதான் இளைக்கணும்ங்கறேன்" என்கிறான். மேலே எழுதியதெல்லாம் படிக்காதவள் உளறல், அடித்துவிடுங்கள். உங்கள் நாடா சத்திய நாடா. திங்கட்கிழமை அதை நன்றாகத் தளர விட்டு, உள்ளே உங்கள் இரண்டு கையையும் வைத்தே அளங்கள். தெருவில் தலைகாட்டாமல் நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்கிறேன். அவன் ஓடுகிற பூட்ஸைத் துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டேன். இப்போது தேடிக்கொண்டிருக்கிறான்.