மாப்பிள்ளை காலமான முகூர்த்தம்

அந்தக் கல்யாணத்தில் இருந்தவர்கள்: மைக்செட் போடும் என் நைனா, கம்ப்யூட்டர் முன்னால் நான், மணவறையில் மாப்பிள்ளை ஏழுமலை, தளவானூர் ஜனம் மொத்தமும். இல்லாதவர் மாப்பிள்ளையின் தாத்தா மட்டும்தான். அவர் பெயரும் ஏழுமலை (எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள்). அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவும் கம்ப்யூட்டர் படிப்பு. செஞ்சியில் இருபது வருஷமாகச் சேர்த்த நாலாயிரம் பாட்டையும் இன்னொரு காப்பி எடுத்து வைக்கச் சொன்னார் நைனா. "அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சி நைனா" என்றேன். எடுத்துத்தான் இருந்தேன். அதே ஹார்டு டிஸ்கில், பக்கத்து டிரைவில். (மாற்றுச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிய மாதிரி.) ஒருநாள் கரண்ட் போய்ப் போய் வந்ததில் டிஸ்க் செத்தது. பாட்டும் போச்சு, காப்பியும் போச்சு.

விழுப்புரத்தில் ஒரு கடைக்காரர் மீட்டுக் கொடுத்தார். பாட்டு வந்தது, பெயர் வரவில்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று நைனா பிரித்து வைத்திருந்ததெல்லாம் கலைந்து வெறும் நம்பராக நின்றது. ஒவ்வொன்றையும் பத்து செகண்டு கேட்டு நானே பிரித்தேன். நாதஸ்வரத்தில் ஆரம்பித்தால் கல்யாணம். இதில் என்ன சந்தேகம்?

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் மேளக்காரர்கள் டிபனுக்குப் போனார்கள். நான் ஒரு நாதஸ்வரத்தைத் தட்டிவிட்டேன். ஒரு நிமிஷம் அருமையாகப் போனது. பிறகு, புளியமரத்தில் கட்டிய நாலு குழாய் ஸ்பீக்கரிலும் நைனாவின் குரல்:

"தளவானூர் ஏழுமலை அவர்கள் இன்று விடியற்காலை காலமானார் என்பதை..."

தாத்தாவின் சாவு அறிவிப்பு. அன்று ஆட்டோவில் ஊர் ஊராகப் போட்டது. தொண்ணூறு வயது, கல்யாணச் சாவு என்று முன்னால் நாதஸ்வரம் சேர்த்திருந்தார் நைனா.

அறிவிப்பு இரண்டாம் தடவை தொடங்கியபோதுதான் (சாவுச் சேதியை இரண்டு தடவை சொல்வதுதானே முறை) நைனா ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"எம்மா, நான் இங்கதான இருக்கறேன்" என்றான் செத்தவன்.

அபசகுனம், இன்றைக்குத் தாலி வேண்டாம் என்று பெண்ணின் மாமா அவள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். வாக்குவாதம் நடக்கும்போதே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பைக்கில் மாலையோடு வந்து இறங்கினார். பிணம் மணவறையில் உட்கார்ந்து வியர்வை துடைப்பதைப் பார்த்து, மாலைக்கான நூற்றைம்பது ரூபாயை நைனாவிடம் வாங்கிக்கொண்டு பந்திக்குப் போனார்.

நைனா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகத்தான் சொன்னார்: "பாட்டத்தான்டா காப்பாத்த சொன்னேன். ஆளையே கொன்னுட்டியேடா."

ஒரு கல்யாணமும் நைனாவின் இருபது வருஷத் தொழிலும் நான் கேட்ட பத்து செகண்டில் தொங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் வாயைத் திறந்தவன் மாப்பிள்ளைதான்.

"தொண்ணூறு வயசு வாழ்ந்தவரு மாமா அவரு. பேரன் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்திட்டுப் போனாருன்னு வச்சிக்குங்களேன்."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவின் கையை விட்டுவிட்டுத் தானே போய் உட்கார்ந்தாள். தாலி ஏறியது.

போன மாதம் நைனாவுக்குப் போன் வந்தது. "செத்தவன் பேசறேங்க. பையனுக்குக் காதுகுத்து வச்சிருக்குது. மைக்செட் மட்டும் வரட்டும், படிச்சவரு வேணாம்." வீட்டில் என் பெயரே இப்போது 'படிச்சவரு'.

பாட்டை மீட்க ஆறாயிரத்து ஐந்நூறு, கேட்க வாய் வராத கல்யாண வாடகை எட்டாயிரம், புது ஹார்டு டிஸ்க் இரண்டு (ஒன்று வீட்டில், இன்னொன்று தொண்டூர் அத்தை வீட்டில்) ஏழாயிரத்து இருநூறு, மாலைக்கு நூற்றைம்பது. ஆக மொத்தம் இருபத்தோராயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.