மூன்றாம் மாடியில் அறநெறி

நிர்வாக வரலாற்றில் இரண்டே யுகங்கள்தான் உண்டு. எங்கள் இயக்குநர் வருவதற்கு முன், வந்த பின்.

இலவச சக்கர நாற்காலி வழங்கும் எங்கள் அலுவலகத்தில் போலி விண்ணப்பங்கள் மலிந்துவிட்டதை அவர் கண்டுபிடித்தார். ஒரே வாரத்தில் விண்ணப்பப் பிரிவை மூன்றாம் மாடிக்கு ஏற்றினார். லிஃப்ட் என்பது 'குறுக்குவழி' என்று சொல்லி அதற்குப் பூட்டுப் போட்டார். விண்ணப்பதாரர் நேரில் வரவேண்டும். மூன்று மாடி ஏறி வந்தவர் நடக்கக்கூடியவர், ஆகவே போலி. என்ன ஒரு தெளிவு! மூன்றே மாதத்தில் நிலுவை பூஜ்யம். 'அறநெறித் தலைமை' விருதுக்கு அவர் தேர்வானார். எங்களுக்கு வாராவாரம் அறநெறி வகுப்பும் எடுத்தார். நான் ஒழுங்காகக் குறிப்பெடுத்தேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, ஒரு தையல்காரி தன் கணவரை முதுகில் சுமந்துகொண்டு படியேறி வந்தாள். அவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் இரண்டு காலும் போயிற்று.

"இறக்கி விடு, உனக்கு மூச்சு வாங்குது."

"சும்மா இருய்யா. இறக்கினா திரும்ப யாரு தூக்குறது?"

நான் கடமையைத் தொடங்கினேன். "எப்படி மேல வந்தாரு?"

"பாத்தா தெரியல? என் முதுகுல."

"அப்ப இவருக்குப் 'போக்குவரத்து வசதி' இருக்கு."

"எது, நானா? நான் என்ன வண்டியா சார்?"

அவள் தோளுக்கு மேல் பெயின்டர் எட்டிப் பார்த்தார். "வண்டின்னா இவ்வளவு பேசாது சார்."

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நான் மிஷின்ல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் இவரு அதே பாய்லதான். சுவத்தப் பாத்துட்டே கிடக்காரு. நாற்காலி இருந்தா வாசல் வரைக்குமாவது போவாரு. இன்னிக்கு விட்டா அடுத்த வருசந்தானாமே?"

பக்கத்து மேசைக்காரர் என் காதருகே குனிந்தார். "இயக்குநர் லீவுல இருக்காருப்பா. 'ஏற்கப்பட்டது'ன்னு குத்திவிடு. யாரு கேக்கப் போறா?"

நான் முத்திரையை எடுத்துக் குத்தினேன். 'நிராகரிக்கப்பட்டது'.

அவள் முதுகில் அவரைச் சரிசெய்துகொண்டு படிப்பக்கம் திரும்பினாள். இறங்கிப் போகையில், "பாத்து, பாத்து" என்ற பெயின்டரின் குரல் மட்டும் தரைத்தளம் வரை கேட்டது.

விருது விழாவில் இயக்குநர் முழங்கினார்: "நல்ல தலைவன் பக்கத்தில் இல்லாதபோதும் அவனுடைய அறநெறி ஊழியர்களிடம் வேலை செய்யும்!"

நூற்றுக்கு நூறு உண்மை. அன்று எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் மிரட்டவில்லை. கைகூட நடுங்கவில்லை.