ராக் அண்ட் ரோலுக்கு ஓர் ஆட்சேபணை

விதிமுறை தெரிந்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது இருபத்து மூன்று வயதில் என் அசைக்க முடியாத கொள்கை. பிற்பாடு அரசாங்க உத்தியோகத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒரே ஒரு மாலையில்தான் காலை வாரிவிட்டது.

அறுபதுகளின் கடைசி. ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, காரைக்குடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் திரிந்துகொண்டிருந்தேன். நான் படித்த கல்லூரியில் டியூட்டர் இடம் ஒன்று காலியாக இருந்தது. கிடைக்காவிட்டால் சிவகங்கையில் மாமாவின் அரிசி மில்லில் போய் உட்கார வேண்டும். தபால்காரரைத் தினமும் தெருமுனையிலேயே மறித்தேன். கல்லூரி அலுவலகத்துக்கு நாளுக்கு இரண்டு தடவை போய், என் மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று விசாரித்தேன் (மூன்றாம் தடவை போனால் அது தொல்லை, இரண்டு தடவை என்றால் நினைவூட்டல்).

தாளாளர் ரங்கூனில் வளர்ந்து, சில வருடம் முன்புதான் ஊர் திரும்பிய பெரியவர். ஒருநாள் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, இப்புடி நடந்தீகன்னா தரை தேஞ்சுரும். ஆண்டு விழாவுல பட்டிமன்றம் வச்சிருக்கோம். நான்தான் நடுவர். மனுப் போட்டிருக்கிறது நீங்களும் சாதிக் தம்பியும். ரெண்டு பேரும் பேசுங்க. யாருக்கு வகுப்பு எடுக்க வரும்னு அங்குட்டு வச்சுப் பாத்துக்கிறேன்.”

சாதிக் என் வகுப்புத் தோழன். அவன் அப்பாவுக்கு (அவன் வாயில் ‘அத்தா’) பினாங்கில் கடை.

இலக்கியத் தலைப்பாக இருக்கும் என்று நம்பி இரண்டு காவியங்களைத் தூசி தட்டி வைத்தேன். மாணவர்கள் கேட்டு வாங்கிய தலைப்போ வேறு. ராக் அண்ட் ரோலை வளர்த்ததில் பெரும்பங்கு யாருக்கு? இடுப்பை ஆட்டிப் பாடிய பாடகருக்கா, கிதாரோடு ஒற்றைக் காலில் தத்தியவருக்கா? (பெயர்களை எழுதப்போவதில்லை. இருவருக்கும் இன்னும் ஆள் இருக்கிறது. வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுத இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை.) சீட்டுக் குலுக்கியதில் எனக்கு இடுப்பு விழுந்தது. சாதிக்குக்குக் கிதார்.

அதுவரை நான் ஓர் ஆங்கிலப் பாட்டும் கேட்டதில்லை.

“கேக்காம எப்படி மாப்ளே பேசுவே? வீட்டுல ரெக்கார்டு பிளேயர் இருக்கு, ஒன் ஆளு பாட்டும் நாலஞ்சு இருக்கு. எடுத்துக்க” என்றான் சாதிக். எதிரணிக்காரனுக்கு ஆயுதம் கொடுக்கிற பிள்ளை அவன். நான் போனபோது அவன் வீட்டில் இல்லை. அவன் அம்மாதான் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தார். நான் உடனே ஒரு தாளை எடுத்து, ‘பெற்ற நிலையிலேயே திருப்பித் தருவேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

“எதுக்குப்பா இதெல்லாம்? நீயும் எம் புள்ள மாதிரிதானே” என்றார் அவர்.

“முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அம்மா?” என்றேன். (அப்படித்தான் பேசுவேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

அறைக்கு வந்து தட்டைச் சுழலவிட்டேன். பாடகர் கிணற்றுக்குள் இறங்கி நின்று முனகினார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். எனக்கோ கால் நிலைகொள்ளவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நான் நாலு நடை நடந்து திரும்பும்போதும் அவர் அதே வரியில் இருந்தார்.

நூலகப் புத்தகங்கள் எல்லாம் அந்த இசையைத் ‘துள்ளல்’ என்றன. ஆசிரியர்கள் பாட்டைக் கேட்காமலே எழுதியிருக்கிறார்கள் என்று தீர்மானித்து, ஓரத்தில் ‘தவறு’ என்று குறித்து வைத்தேன் (பென்சிலில்தான்). இந்த ஆராய்ச்சியோடு வேலை என் கையில் என்றே நினைத்தேன்.

விழா மேடையில் முதலில் நான். ராக் அண்ட் ரோல் என்பது துயரத்தின் இசை என்று தொடங்கினேன். பாடகரின் இடுப்பு வளைவது ஆட்டமல்ல, துக்கம் தாளாமல் துவளும் உடல் என்றேன். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதுக் கருத்தல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு, சான்றில்லாத வாதம் செல்லாது என்பதால், சான்றைச் சபையின் முன் வைக்கிறேன் என்று ரெக்கார்டு பிளேயரை மைக்குக்கு முன்னால் வைத்தேன்.

கிணற்று முனகல் பந்தல் முழுக்கப் பரவியது.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: “யாரு செத்தாக?”

சிரிப்பு அடங்குவதற்குள் சாதிக் எழுந்து வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. பரிதாபம் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

“மாப்ளே, இத்தனை நாளும் இப்படியேவா கேட்டே?”

“நான் எதையும் மாற்றவில்லை” என்றேன் பெருமையாக.

“அத்தா ஊருக்கு வந்தா கேக்குற பெரிய தட்டுக்கு வச்ச வேகம்டா அது. நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்து. இது சின்னத் தட்டு, நாப்பத்தஞ்சுல ஓடணும்.”

பெட்டியின் ஓரத்திலிருந்த சின்னக் குமிழை ஒரு விரலால் தள்ளினான். கிணற்றிலிருந்த கிழவர் சட்டென்று இருபது வயதுப் பையனாகி வெளியே குதித்தார். பந்தலே துள்ளியது. தாளாளரின் செருப்பு தாளம் போட்டது. அந்த ஆரவாரத்திலும் நான் கை தூக்கினேன்.

“ஆட்சேபிக்கிறேன்! சான்று மேடையிலேயே திருத்தப்பட்டிருக்கிறது!”

தாளாளர் சிரிப்பை அடக்க மூக்கைச் சொறிந்துகொண்டார். “தம்பி, உக்காருங்க. இதெல்லாம் ரங்கூன்லயே நான் கேட்டது. விதியெல்லாம் பாத்தீக, பொட்டியப் பாக்கலையே?”

சாதிக் அதன் பிறகு பத்தே நிமிடம் பேசினான். இடுப்புக்காரர் மற்றவர்கள் எழுதியதைப் பாடினார், கிதார்க்காரர் தானே எழுதித் தானே வாசித்தார், பின்னால் வந்த பையன்கள் எல்லாம் அவரிடமிருந்தே கிதாரைக் கற்றார்கள் என்றான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே விளங்கியது. தீர்ப்பும் வேலையும் அவனுக்கு.

நான் எட்டு மாதம் மில்லில் உட்கார்ந்து தவிடு சுவாசித்து, பரீட்சை எழுதி, கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். கல்யாணமான பிறகும் இந்த விஷயத்தை வீட்டில் மூச்சுவிடவில்லை. இருபது வருடம் காப்பாற்றினேன்.

பிறகு என் மகன் அதே கல்லூரியில் சேர்ந்தான். முதல் வாரமே சாப்பாட்டுக்கு நடுவில் ஆரம்பித்தான்.

“அப்பா, சாதிக் சார் வருஷா வருஷம் பர்ஸ்ட் இயருக்கு ஒரு கதை சொல்வாராம். பட்டிமன்றம், ரெக்கார்டு பிளேயர்னு. அது நீங்கதானே?”

“என் பேரைச் சொன்னானா?”

“பேரெல்லாம் சொல்லல. தோத்தவரு மேடையை விட்டு எறங்காம, தீர்ப்போட நகல் வேணும்னு எழுதிக் குடுத்தாராம். அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

என் மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்த வாக்குவாதமும் முடிகிற விதம் ஒன்றுதான். நான் தோற்று எழுந்திருக்கும்போது அவள் கேட்பாள்:

“நகல் எத்தனை வேணும்? ஒண்ணு போதுமா?”