உதிராத புட்டு

பிழையை ஒப்புக்கொள்வதைவிட அதைச் சாப்பிட்டு முடிப்பது சுலபம் என்று நம்புகிற ஆண்களில் நானும் ஒருவன். ஒருமுறை உண்மையாகவே சாப்பிட்டிருக்கிறேன்.

என் பேத்தி இப்போது வேகன். பால், முட்டை, தேன் எதையும் தொடமாட்டாள். உங்கள் காலத்தில் இப்படியெல்லாம் சமைத்தீர்களா என்று டெனிஷில் கேட்கிறாள். சமைத்தோம், அதற்கொரு பெயர் இருப்பதுதான் தெரியாது. எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் வைலே நகரத்தில், பனி கொட்டிய ஒரு மாலையில் நானே அப்படியொரு விருந்து வைத்தேன். பவானியை எனக்குக் கட்டிக்கொடுப்பதா இல்லையா என்பது அந்த விருந்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர் பவானியின் தமையன் சிவநேசன் அண்ணை. தங்கையுடன் பக்கத்து ஊரான பிரெடெரிசியாவில் இருந்தார். பிள்ளையார் கதை விரதகாலம்; நாளுக்கு ஒருவேளைதான் சாப்பாடு, அதுவும் பின்னேரம். "இந்த நாட்டுப் பட்டரையும் சீஸையும் நம்பேலாது தம்பி, என்ன கொழுப்புப் போடுறாங்களோ" என்று பால் சாமான்களையும் தள்ளிவைத்திருந்தார். "நீங்கள் வாங்கோ அண்ணை, நான் புட்டு அவிக்கிறன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டேன். (அதுவரை நான் புட்டு அவித்ததில்லை. சாப்பிட்ட அனுபவம் மட்டும் நிறைய.)

என்னோடு அறையில் இருந்தவன் மன்னார்ச் சூசை, கத்தோலிக்கன். ஊரில் நான் கணக்குப் படிப்பித்ததால் என்னை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவான். இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். அரிசிமா கிடையாது. கோதுமை மா கொஞ்சம் மங்கலாக இருந்தது. பக்கத்தில் பனியைவிட வெள்ளையாக ஒரு பொட்டலம்: கார்தோஃபெல்மெல். கார்தோஃபெல் என்றால் உருளைக்கிழங்கு, மெல் என்றால் மா. டெனிஷ் வகுப்பில் முதல் ஆளாக இருந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மாஸ்டர், இது புட்டுக்குச் சரிவருமோ? காசு வாங்கிற அந்தப் பிள்ளையிட்ட ஒருக்காக் கேளுங்கோவன்."

"சூசை, ஒடியல் மா எதில செய்யிறது? பனங்கிழங்கில. ஒடியல் மாவில புட்டு அவியுதோ இல்லையோ?"

"அவியுது."

"அப்ப உருளைக்கிழங்கு மாவில ஏன் அவியாது? டெனிஷ்காரப் பிள்ளைக்குப் புட்டைப் பற்றி என்ன தெரியும்?"

காசு வாங்கும்போது அந்தப் பிள்ளை பொட்டலத்தைக் காட்டி, "சோவ்ஸ்?" என்று கேட்டு, கையால் கிண்டுவது போலவும் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. "யா" என்றேன், மிகுந்த மிடுக்கோடு. (சோவ்ஸ் என்றால் குழம்பு, அதைத் தடிப்பாக்க இங்கே இந்த மாவில் ஒரு கரண்டி போடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.)

உருளைக்கிழங்குப் பிரட்டல், மஞ்சள் பட்டாணியில் பருப்புக்கறி, உலர்ந்த தேங்காய்ப்பூவில் தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல். மூன்றும் நன்றாகவே வந்தன. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

பிறகு மாவில் தண்ணீர் தெளித்தேன். கையில் இறுக்கிப் பிடித்தால் கல். விரலை விரித்தால் கஞ்சியாக வழிந்தது. கரண்டியால் அடித்தேன், கரண்டி திரும்பி வந்தது.

"மாஸ்டர்," என்றான் சூசை பின்வாங்கியபடி, "இது உயிருள்ள சாமான்."

கடைகள் பூட்டியாயிற்று. "சோறு வைப்பம்" என்றான் அவன். புட்டு என்று சொன்னால் புட்டுத்தான் என்றேன். வடிதட்டில் என் புது வேட்டியை விரித்து, அதை ஊற்றி, மூடி அவித்தேன். வேட்டியின் நெசவெல்லாம் பதிந்த ஒரு கண்ணாடிக் குன்று வெளியே வந்தது. அதே நேரம் அழைப்புமணியும் அடித்தது.

சிவநேசன் அண்ணை தோளில் பனியோடும் வயிற்றில் பகல் முழுவதன் பசியோடும் வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். அது கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.

"இது என்ன தம்பி?"

"புட்டு, அண்ணை."

"புட்டெண்டால் உதிருமே."

"இந்த நாட்டுக் குளிருக்கு உதிராது."

ஒடியல் மா நியாயத்தை அவருக்கும் விளக்கினேன். அவர் கத்தி கேட்டு வாங்கி வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். யன்னலைப் பார்த்தபடி நெடுநேரம் மென்றார். அவர் நிறுத்தக்கூடும் என்ற பயத்தில் நானும் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். நல்லாயிருக்கு என்றும் சொன்னேன்.

"இந்த மா ஆர் வாங்கினது?" என்றார்.

"சூசைதான்," என்றேன்.

இன்றுவரை என்னைக் குத்துவது அந்த ஒரு சொல். புட்டு அல்ல, புட்டுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். சூசை என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "ஓம் அண்ணை, எனக்கு டெனிஷ் காணாது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனான். திரும்பி வந்தபோது கையில் சோற்றுச் சட்டி. நான் வேண்டாம் என்று சொன்ன சோற்றை எனக்குத் தெரியாமல் அடுப்பில் ஏற்றியிருந்தான்.

அண்ணை பிரட்டலோடு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் போனவர் குசினியிலிருந்து வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மிச்ச மாவை விரலால் தட்டி இறுகுவதைப் பார்ப்பதும், விட்டு வழிவதைப் பார்ப்பதுமாக நின்றார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அன்றிரவு அண்ணை வீட்டில் தன்னிடம் சொன்னதைப் பவானி கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"மாப்பிள்ளை அந்த மா மாதிரித்தான். தட்டினால் கல்லு, பேசாமல் விட்டால் தானா இளகும். உனக்குப் பொறுமை இருந்தால் கட்டு. அந்தச் சூசை வேதக்காரனாப் போனான், இல்லாட்டி உன்னை அவனுக்குத்தான் குடுத்திருப்பன்."

சூசை இப்போது ஒடென்சேயில் இருக்கிறான். ஒவ்வொரு மார்கழியும் ஃபோன் எடுத்து, "மாஸ்டர், மா வாங்கி அனுப்பவோ, எனக்கு இப்ப டெனிஷ் காணும்" என்பான். அன்று சொன்னது பொய் என்று அவனிடம் சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் அவன் சிரித்துவிடுவான், நானும் சிரித்துவிடுவேன். சொல்லாமலே இத்தனை வருடம் போய்விட்டது. சூசை, மா வாங்கியது நான்.

போன வாரம் பேத்தி, கார்தோஃபெல்மெல்லில் என்னதான் செய்யலாம் என்று கேட்டாள். வெளியே பனி.

"ஒடியல் மாவில புட்டு அவியுமெண்டால்..." என்று தொடங்கினேன்.

பவானி மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். மேசையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் இறுகிக்கொண்டேன்.